சாய்ந்த கோபுர ஊரில் லோயர் தேடி

தெலுக் இந்தான் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சாய்ந்த கோபுரம்தான். 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி தெரியும்; உள்ளே ஏறினால் மூன்றே மாடிதான். ஊருக்குத் தண்ணீர் சேமிக்கத்தான் முதலில் பயன்பட்டது. இளகிய மண்ணும் தொட்டியின் பாரமும் சேர்ந்து கோபுரத்தைச் சாய்த்துவிட்டன. அதற்குப் பிறகும் அது நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் பீடோரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, சங்காட் ஜோங் வழியாக வரலாம். இரு பக்கமும் செம்பனைதான். ஒரு காலத்தில் அதெல்லாம் ரப்பர்க் காடு. பேராக் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. 1982 வரை இதன் பெயர் தெலுக் ஆன்சன். வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் சித்ரா பௌர்ணமி என்றால் வெளியூர்ச் சனமெல்லாம் இங்கே திரளும்.

இவ்வளவும் சுற்றுலாப் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பார்க்க, கோபுரத்தை விட்டுக் கடைத்தெருவுக்குள் நடந்து, கடைவீடுகளின் மாடியை நிமிர்ந்து பாருங்கள். ‘பெகுவாம்பேலா டான் பெகுவாம்சாரா’ என்று எழுதிய பலகைகள் தென்படும். வழக்கறிஞர் அலுவலகங்கள். இந்த ஊர்ச் சனங்களின் வாய்வழக்கில், லோயர் கடை.

சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் கம்பத்திலும் இருப்பவர்களுக்கு நிலம், வீடு, விபத்து, கல்யாண முறிவு என எது வந்தாலும் முடிவில் இந்த மாடிப்படிகளில்தான் ஏறியாக வேண்டும். என் சின்னம்மாவும் ஏறினார். கார் ஓட்டிப் போனது நான். அந்த ஓராண்டில் ஐந்தாறு முறை போய்வந்ததில் கண்டதும் கேட்டதும்தான் இக்கட்டுரை.

சித்தப்பா சங்காட் ஜோங் பக்கம் நான்கு ஏக்கர் செம்பனை வைத்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்து, சீட்டுப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய நிலம். 2009-இல் காலமானார். உயில் எழுதவில்லை. ‘கிராண்டு’ அவர் பெயரிலேயே கிடந்தது. பழம் வெட்டி விற்ற காசு மாதாமாதம் வந்துகொண்டிருந்ததால், பெயர் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை. மரம் வயதாகி மறுநடவுக்கு வங்கிக் கடன் கேட்கப் போனபோதுதான், “நிலம் இறந்தவர் பெயரில் இருக்கிறதே” என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்போது ஒருவர் வந்தார். எல்லாக் கோயில் திருவிழாவிலும் முன்வரிசையில் நிற்பவர். “எனக்கு லோயரைத் தெரியும், நில அலுவலகத்திலும் ஆள் இருக்கு, 3,000 வெள்ளி கொடுங்க, ஆறு மாசத்துல கிராண்டு உங்க பேருக்கு வந்துரும்” என்றார். சின்னம்மா கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, “என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்று வருத்தப்பட்டாராம். இரண்டு ஆண்டு ஓடிப்போனது. லோயர் பெயர் என்ன என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொன்னார்.

இப்படிப்பட்டவர்களை நம் ஊர்களில் ‘ரன்னர்’ என்பார்கள். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வழக்கறிஞர் அல்லாதவர் அந்த வேலையைச் செய்வதைத் தடுக்கிறது. ஆள் பிடித்துத் தருபவருக்கு வழக்கறிஞர் கமிஷன் கொடுப்பதும் கூடாது. சட்டம் இருக்கிறது. ரன்னரும் இருக்கிறார்.

முடிவில் சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லோயரைக் காட்டினார். மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி. மாடியில் ஒரு காற்றாடி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிய கோப்புகள். முன்னால் ஒரு கிராணி அம்மாள். சிறு ஊர் லோயர் அலுவலகத்தில் உண்மையான வாசல் இந்தக் கிராணிதான். எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த நாளில் கோர்ட்டுக் கவுண்டரில் கூட்டம் குறைவு, எந்தப் பாரத்துக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சின்னம்மாவைப் பார்த்ததும், “நீங்க எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் பொதுவான ஓர் உறவுக்காரர் அகப்பட்டுவிட்டார்.

லோயருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். தமிழில்தான் பேசினார். முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்தப்போ அவரோட அப்பா அம்மா உயிரோட இருந்தாங்களா?”

“இல்லீங்க ஐயா. மாமியார் அதுக்கு முந்தியே போயிட்டாங்க.”

“எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டு பையன், ஒரு பொண்ணு.”

அவர் ஒரு தாளில் ஒன்பது கோடு போட்டார். முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி சொத்து பிரிக்கப்படும். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. சின்னம்மா கணக்கில், ஒன்பது கோட்டில் மூன்று அவருக்கு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு.

சின்னம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொண்ணுக்குமா?” என்றார்.

“பொண்ணுக்கும் அதே ரெண்டுதான்.”

“கட்டிக் கொடுத்தாச்சுங்களே ஐயா. நகை போட்டு அனுப்பினோமே.”

“சட்டத்துல நகைக் கணக்கு இல்லம்மா. அது பங்கை விட்டுக் கொடுக்கலாம். ஆனா அது வந்து, அதோட வாயால சொல்லணும். நீங்க சொல்ல முடியாது, அண்ணன் தம்பியும் சொல்ல முடியாது.”

கீழே இறங்கும் வரை சின்னம்மா பேசவில்லை. கணவர் வாங்கிய நிலம் முழுவதும் தனக்கு, தனக்குப் பின் பையன்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். நம் குடும்பங்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அன்று லோயர் சொன்ன இன்னொன்றுதான் எங்களை வியக்க வைத்தது. “இதுக்கு நான் தேவையில்லை. நேரா நில அலுவலகத்துக்குப் போங்க” என்றார். 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட சொத்தை உயர்நீதிமன்றம் போகாமலே பிரித்துக்கொள்ளலாம். மலாயில் ‘பூசாக்கா கெச்சில்’ என்பது இதுதான். முன்பு 20 லட்சம் வெள்ளி வரை இருந்த எல்லை 2024 ஜூலை 15 முதல் 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ‘போராங் ஆ’ என்ற முதல் பாரத்தைப் பூர்த்தி செய்து, மரணச் சான்றிதழ், கிராண்டின் நகல், வாரிசுகளின் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். பிறகு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். எல்லா வாரிசும் வர வேண்டும். வர இயலாதவர் ‘டி.டி.ஏ.’ என்ற சம்மதப் பாரத்தில் முறைப்படி கையெழுத்திட்டு அனுப்பலாம். அரசாங்கக் கட்டணம், 3,000 வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது.

“அப்போ உங்க ஃபீஸ், ஐயா?” என்று கேட்டேன். பாரம் நிரப்ப உதவியதற்குக் கிராணி அம்மாளிடம் 50 வெள்ளி கட்டச் சொன்னார். ரசீது கேட்காமலே கிடைத்தது.

எல்லா லோயரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. படிகளுக்குக் கீழே, கோப்பிக்கடையில் காத்திருந்த நாள்களில் வேறு பல கதைகளும் கேட்டேன். மீ ரெபுசுக்குப் பேர்போன ஊர் இது; ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் தானாகப் பேச ஆரம்பிப்பார்.

ஒரு லோரி ஓட்டுநர் சொன்னது இது. மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதிக் கால் முறிந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, காலியான பாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். “ஜெயிச்சா மட்டும் காசு, தோத்தா ஒரு சென்னும் வேணாம்” என்ற பேச்சு. வழக்கு முடிந்து பணம் வந்தபோது காப்புறுதி நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பதே அவருக்குத் தெரியாது. கையில் வந்ததை வாங்கிக்கொண்டார்.

இதில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ‘ஜெயித்தால் மட்டும் கட்டணம்’ என்ற ஒப்பந்தத்தை நம் நாட்டு வழக்கறிஞர் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படிச் சொல்லி வருபவரைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டாவது, இழப்பீட்டுத் தொகை வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கு என்ற தனிக் கணக்கில்தான் சேர வேண்டும். வந்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது நம் உரிமை. மூன்றாவது, விபத்து வழக்குக்குப் பெரிய நகரத்து லோயர்தான் வேண்டும் என்பதில்லை. வாகன விபத்து இழப்பீட்டை, தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். விபத்து நடந்த சாலையையும் அந்தப் போலீஸ் நிலையத்தையும் அறிந்த உள்ளூர் ஆள் பல நேரம் நல்லது. காலக்கெடு பொதுவாக ஆறு ஆண்டு. அரசாங்கத் துறை மீது வழக்கென்றால் 36 மாதம்தான். கால் ஆறட்டும் என்று காத்திருந்தால் வழக்கு ஆறிப்போகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதை வேறு. மகனுக்குப் புதுத் தாமானில் வீடு வாங்கினார். “லோயர் ஃபீஸ் இலவசம்” என்று விளம்பரம். கையெழுத்திடப் போன இடத்தில் அன்பாக வரவேற்றவரை, தம் லோயர் என்றே நினைத்திருந்தார். வீடு தாமதமாகி, கேள்வி கேட்கப் போனபோதுதான் அவர் மேம்பாட்டாளரின் லோயர் என்று புரிந்தது. வீடமைப்புத் திட்டத்தில் மேம்பாட்டாளருக்காக இயங்கும் வழக்கறிஞர், வாங்குபவருக்காகவும் இயங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே இலவச லோயர் உங்கள் லோயர் அல்ல. தனக்கென ஒருவரை வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகும்? 2023-இல் அமலான கட்டண ஆணைப்படி, வீட்டு விலையில் முதல் 5 லட்சம் வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. 3 லட்சம் வெள்ளி வீடென்றால் 3,750. அதற்கு மேல் சேவை வரி, முத்திரை வரி, பதிவுச் செலவு தனி. இந்தக் கணக்கு கோலாலம்பூருக்கும் தெலுக் இந்தானுக்கும் ஒன்றுதான்.

சிறு ஊரில் லோயர் வைப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். உங்கள் எதிராளி போன வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே லோயரிடம் தன் குடும்பக் கதையைச் சொல்லியிருப்பார். நிலத் தகராறு ஒன்றில், தம் லோயரும் எதிர்த் தரப்பும் ஒரே கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, ஒருவர் வழக்கையே ஈப்போவுக்கு மாற்றினாராம். சேர்ந்து சாப்பிடுவது குற்றமில்லை. ஆனால், “ஐயா, எதிர்த் தரப்புக்கு நீங்க முன்ன ஏதும் செஞ்சிருக்கீங்களா?” என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நல்ல லோயர் அதற்குக் கோபப்பட மாட்டார். இருந்தால், வேறொருவரைக் காட்டிவிடுவார்.

மணமுறிவு விஷயத்தில் பெண்கள் பலர் உள்ளூர் படியை மிதிப்பதே இல்லை. யார் மாடி ஏறினார்கள் என்பது மாலைக்குள் தோட்டம் வரை போய்விடும். முஸ்லிம் அல்லாதவர் மணமுறிவு எப்படியும் உயர்நீதிமன்றத்துக்குரியது என்பதால் ஈப்போவுக்கே போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் கேட்கும் மணமுறிவென்றால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவைப் பார்க்க வேண்டும் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் வீண்.

லோயருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் என்ன செய்வது? குடும்ப வழக்கு போன்ற சிவில் விவகாரங்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டால், 2012-இல் சேவையைத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க ஒரு வழக்கறிஞரைக் கேட்பது குடிமகனின் உரிமை. நள்ளிரவில் ரன்னரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

சின்னம்மாவின் விசாரணை நாள் வந்தது. மகள் ஜொகூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தாள். இரண்டு அண்ணன்மாரும் முதல் நாள் முழுக்க அவளிடம் சரியாகப் பேசவில்லை. நில அலுவலகத்தில் சிறிய அறை. அதிகாரி மலாய்க்காரர், பொறுமையானவர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, உறவைக் கேட்டு எழுதிக்கொண்டார். மகள் முறை வந்தது. “உங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறீர்களா, யாருக்காவது விட்டுக் கொடுக்கிறீர்களா?” என்று மலாயில் கேட்டார்.

அவள் அண்ணன்களைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். “அம்மாவுக்குக் கொடுக்கிறேன்” என்றாள்.

சின்னம்மா எழுந்துவிட்டார். தமிழில்தான் சொன்னார். “வேணாம். அவளோடது அவளுக்கே இருக்கட்டும்னு எழுதச் சொல்லுங்க. அவங்கப்பா சம்பாதிச்சது.” நான் மலாயில் சொன்னேன். அதிகாரி மகளிடம் மறுபடியும் கேட்டார். அவள் தலையாட்டினாள். ஒன்பதில் மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. அப்படியே எழுதப்பட்டது.

பெரிய அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. சாப்பாட்டுக் கடையில் அவர் தனி மேசையில் உட்கார்ந்தார். இப்போது மறுநடவுச் செலவை மூவரும் பங்குக்கேற்பப் போடுகிறார்கள். கடன் விண்ணப்பத்தில் நால்வர் கையெழுத்தும் வேண்டும் என்பதால், அவரும் தங்கைக்குப் போன் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. ரன்னரிடம் போன 3,000 வெள்ளி திரும்பவில்லை. ரசீது இல்லாததால் போலீஸ் புகாருக்கும் கையில் ஆதாரம் ஒன்றுமில்லை.

ஆகவே, தெலுக் இந்தான் என்றில்லை, எந்தச் சிறு ஊரில் மாடிப்படி ஏறினாலும் சிலவற்றை மனத்தில் வையுங்கள். லோயரின் பெயரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள். நடுவில் ஆள் வேண்டாம். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், எது கட்டணம், எது அரசாங்கச் செலவு என்று தாளில் கேளுங்கள். காலிப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம். வெள்ளி கொடுத்தால் ரசீது. மனக்குறை இருந்தால் வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுதலாம். “இதுக்கு நான் தேவையா?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் லோயர் அகப்பட்டால், அவர் முகவரியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

பசியாறிவிட்டுப் போங்கள், நில அலுவலகத்தில் வரிசை நீளம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் மரணச் சான்றிதழும் கிராண்டும் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்பாவோ தாத்தாவோ பெயரில் இன்னும் ஒரு துண்டு நிலம் கிடந்தால், அடுத்த தலைமுறை வாரிசுகளின் எண்ணிக்கை இருபதைத் தொடும் முன் போய்விடுவது நல்லது.